ஒரு கப்பலில் இரு தலைமை ஆகாது!

(கண்டியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மலைகள் சூழ்ந்த இந்தக் கண்டி மாநகரிலே நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதுவும், ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழ்கடலின் அடித்தளத்தைத் துளைத்து எரிவாயு தேடுகின்ற கப்பல்களைப் பற்றி! "மகாவலிக் கரையில் வாழ்வோருக்கு மன்னார்க் கடலில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. 2022ஆம் ஆண்டிலே டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இந்த நகரத்துத் தெருக்களிலே வரிசையில் காத்துக் கிடந்தவர்கள் நாம். உழவு இயந்திரம் ஓடாமல் வயலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் நாம். நமது கடலுக்கடியிலே எரிவாயு இருக்கிறது என்று கேள்விப்படும்போது மகிழ்கிறோம். அதை எடுக்கப் போகிறவர் யார், எடுக்கும் வேளையில் ஆபத்து நேர்ந்தால் "நிறுத்து!" என்று கட்டளையிடப் போகிறவர் யார் என்று கேட்பதும் நமது உரிமையே.

2011ஆம் ஆண்டிலே கெயின் லங்கா நிறுவனம் 'சிக்யூ' என்னும் ஜப்பானியத் துளைப்புக் கப்பலை அமர்த்தி, மன்னார்ப் படுகையிலே மூன்று கிணறுகளைத் துளைத்தது. டொராடோ என்று பெயரிடப்பட்ட முதற் கிணறு 1,354 மீற்றர் ஆழமுள்ள கடலிலே தோண்டப்பட்டு எரிவாயுவைக் கண்டது. பரகூடா என்ற இரண்டாம் கிணறும் கண்டது. மூன்றாவது கைவிரித்தது. 2015இல் அந்நிறுவனம் வெளியேறிவிட்டது. எரிவாயு கடலடியிலேயே கிடக்கிறது. 2021இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் நிறைவேறியது. நாளை மற்றொரு கப்பல் வரலாம். வருவதற்கு முன்பே நாம் சிந்திக்க வேண்டும்.

தோழர்களே, துளைப்புக் கப்பல் என்பது என்ன? அது கப்பலுமாகும், தொழிற்சாலையுமாகும். சிக்யூ 210 மீற்றர் நீளமுள்ளது. ஆழ்கடலில் அது நங்கூரம் பாய்ச்சி நிற்பதில்லை. ஆகவே அடியிலே சுழலும் உந்திகளைக் கணிப்பொறி இயக்க, காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கிறது. அங்கிருந்து இறங்கும் குழாய் கடலடியிலே கிணற்றின் வாயோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கப்பல் தன் இடத்தைவிட்டு விலகிவிட்டால் குழாய் முறியும். கிணறு பொங்கினால் கப்பல் எரியும்.

அங்கே யார் யார் அதிகாரம் செலுத்துகிறார்கள்? கப்பலின் மிதப்புக்கும் உயிர்காப்புக்கும் பொறுப்பானவர் கப்டன். துளைக்கும் தொழிலுக்குத் தலைவர் துளைநிலைய மேலாளர். அவருக்குக் கீழே துளைப்பு மேற்பார்வையாளர். அவருக்குக் கீழே, நெம்புகோலைக் கையிற் பிடித்திருக்கும் துளையாளர். கப்பலை நிலைநிறுத்தும் அதிகாரி இரவும் பகலும் திரைமுன் அமர்ந்திருக்கிறார். இவர்களோடு, கிணற்றுக்குச் சொந்தமான எண்ணெய் நிறுவனத்தின் பிரதிநிதியும் இருக்கிறார். அவருக்குக் கப்பல் சொந்தமன்று. ஆனாற் செலவு அவருடைய நிறுவனத்தினது. நாள்வாடகை இலட்சக்கணக்கான டொலர் ஓடும்போது, அவருடைய ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

சில கப்பல்களில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் ஓடும்போது கப்டன் தலைவர். கிணற்றோடு பிணைக்கப்பட்டிருக்கும்போது மேலாளர் தலைவர். ஆபத்து வந்தால் மீண்டும் கப்டன் தலைவர்! காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆபத்து வந்துவிட்டது என்று அறிவிப்பவர் யார்? அதிகாரம் கைமாறும் அந்த நொடி எது?

இந்தக் கேள்விக்கு 2010 ஏப்ரல் 20ஆம் நாள் இரவு மெக்சிக்கோ வளைகுடாவிலே விடை கிடைத்தது. 'டீப்வோட்டர் ஹொரைசன்' என்ற துளைநிலையத்தில் 126 பேர் இருந்தனர். அன்று பகலிலே செய்த அழுத்தச் சோதனை, கிணறு அடங்கவில்லை என்று எச்சரித்தது. கப்பலிலிருந்தோர் அதனைத் தவறாகப் பொருள்கொண்டனர். இரவிலே எரிவாயு பொங்கி வெடித்தது. பதினொருவர் மாண்டனர். வெடித்த பின்னும் தலைமை உடனே கைமாறவில்லை. குழாயைத் துண்டித்து விலகுவதற்குக் கப்டன் மேலாளரிடம் அனுமதி கேட்டார் என்று அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் அறிக்கை கூறியது. அந்த இரட்டைத் தலைமைக்கு இடங்கொடுத்தது, கப்பலைப் பதிவு செய்த நாட்டின் அலுவலகத்திலே நேர்ந்த ஒரு எழுத்துப் பிழை என்றும் அவ்வறிக்கை சுட்டியது. எழுதுவினைஞரின் பிழை நடுக்கடலிலே வந்து நின்றது! துண்டிக்கும் பொத்தானை அழுத்தியபோதும் கருவி வேலை செய்யவில்லை. இரண்டு நாளில் நிலையம் மூழ்கியது. 87 நாள் எண்ணெய் கடலிலே கொட்டியது.

தலைமை ஒன்றாக இருந்திருந்தால் அத்தனையும் தப்பியிருக்கும் என்று நாம் கூறவில்லை. இரும்பும் தவறியது, மனிதரும் தவறினர். ஆனால், தீயின் நடுவே "அனுமதி உண்டா?" என்று கேட்க வேண்டிய நிலையை உண்டாக்கியது கடலா? இல்லை, கரையிலே வகுத்த ஏற்பாடு!

இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. 1988 யூலை 6ஆம் நாள் வடகடலிலே 'பைப்பர் அல்பா' மேடை தீப்பற்றியது. 167 பேர் மாண்டனர். பக்கத்து மேடைகளிலிருந்தவர்கள் அந்தத் தீயைக் கண்ணாற் கண்டனர். கண்டும், இணைந்த குழாய்களிலே எண்ணெயும் வாயுவும் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. தாமாகவே நிறுத்தும் துணிவு அங்கே பிறக்கவில்லை. அங்கே தலைவர் இருந்தார். ஆனால் தலைமை கரையிலே இருந்தது!

கண்டிப் பெருமக்களே, இரட்டைத் தலைமையின் இடர்ப்பாடு இந்த ஊருக்குப் புதியதன்று. 1944 ஏப்ரலிலே மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தார். பேராதனைப் பூந்தோட்டத்திலே கூடாரங்களும் கொட்டகைகளும் எழுந்தன. திருகோணமலையிலே கீழைக் கடற்படையின் தலைவர் சொமர்வில். கடற்படை எப்போது கண்டிக்குக் கீழ்ப்பட்டது, எப்போது இலண்டனுக்குக் கீழ்ப்பட்டது என்று இருவருக்கும் ஓயாத பிணக்கு. அவ்வாண்டு ஆகஸ்டிலே சொமர்வில்லின் இடத்துக்கு வேறொருவர் வந்தார். உலகப் போரின் நடுவே, தேர்ந்த தளபதிகளுக்கிடையிலேயே இவ்வளவு சிக்கல் என்றால், பல நாட்டார் பல கம்பெனிகளின் கூலிக்கு உழைக்கும் கப்பலிலே எப்படியிருக்கும்?

உழவர்களுக்கு இது கைவந்த உண்மை. எந்த வயலுக்கு எப்போது நீர் விடுவது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே எல்லோரும் பேசி முடிவு செய்கிறோம். அது முறை. ஆனால் நடுநிசியிலே குளக்கட்டு கசிந்தால் கூட்டம் கூட்டுவோமா? வட்டவிதானையார் ஓடிப்போய் மதகைத் திறப்பார்; விடிந்தபின் கணக்குக் கேட்போம். அமைதிக் காலத்திலே கலந்தாலோசனை. ஆபத்துக் காலத்திலே ஒரே குரல். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஊரே பிழைக்கும்.

ஆகவே, மன்னாரிலே மறுபடியும் துளைப்பு நடக்குமானால் நாம் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது: ஆபத்து வேளையிலே எல்லோரும் கீழ்ப்படிய வேண்டியவர் இன்ன பதவியினர் என்பது, கப்பல் நமது கடலுக்குள் நுழையுமுன் எழுத்திலே வகுக்கப்பட வேண்டும். கப்பற் பாதுகாப்பு முகாமைக்கான சர்வதேச விதிக்கோவை 2002 யூலை முதல் துளைப்புக் கப்பல்களையும் கட்டுப்படுத்துகிறது. உயிரையும் கடலையும் காப்பதிலே கப்டனுக்கு மேலான அதிகாரம் உண்டென்று அது கூறுகிறது. அதனை உரிமப் பத்திரத்திலும் எழுதுங்கள்.

இரண்டாவது: கிணறு பொங்குவதை முதலிற் காண்பவர் துளையாளர். எவரையும் கேளாமல் கிணற்றின் வாயை அடைக்கும் உரிமை அவருக்கு வேண்டும். கடைசித் தொழிலாளிக்கும் "நிறுத்து" என்று சொல்லும் உரிமை வேண்டும். சொன்னதற்காக வேலை பறிபோகக் கூடாது.

மூன்றாவது: கரையிலிருக்கும் கம்பெனி ஆலோசனை சொல்லலாம், ஆபத்திலே கப்டனின் கையைப் பிடிக்கக் கூடாது.

நான்காவது: கட்டளை கப்பலிலுள்ள எல்லோருக்கும் விளங்கும் மொழியிலே இருக்க வேண்டும். நமது இளைஞர் அங்கே வேலைக்குச் செல்வாராயின், பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் சிங்களத்திலும் நடைபெற வேண்டும். விளங்காத மொழியில் ஒலிக்கும் அபாய அறிவிப்பு வெறும் இரைச்சலே.

பேராதனையிலே பொறியியல் கற்ற அறிஞர்கள் இந்த அவையிலே இருக்கிறீர்கள். சட்டம் கற்றோரும் இருக்கிறீர்கள். எத்தனை கன அடி வாயு கிடைக்கும், எத்தனை கோடி வருமானம் வரும் என்று கணக்கிட ஆயிரம் பேர் முன்வருவர். கட்டளை யாருடையது என்று கேட்க நீங்கள் முன்வாருங்கள். மன்னார் மீனவனின் வலையும் பிழைப்பும் அந்த ஒரு கேள்வியிலே தொங்குகின்றன. எரிவாயு வந்தால் அடுப்பு நம் எல்லோர் வீட்டிலும் எரியும். கிணறு பொங்கினால் அழிவது முதலில் அவன் கடலே. பயனிலே பங்கு கேட்கும் நாம், பொறுப்பிலும் பங்கு ஏற்போம்!