அனுமதி இல்லாமல் எடுத்த படங்கள்: செபிதே ஃபார்சி

இன்னைக்கு செபிதே ஃபார்சி பத்திப் பேசப்போறோம். 1965ல டெஹ்ரான்ல பிறந்தவங்க. பதின்வயசுலேயே ஜெயிலுக்குப் போயிட்டு வந்து, 1984ல நாட்டை விட்டு பாரிஸுக்குக் கிளம்பிட்டாங்க. அங்க படிச்சது கணிதம். ஆனா வேலைன்னு பார்த்தா சினிமாதான்.

இவங்க படங்களை வரிசையா பார்த்தா ஒண்ணு குழப்பும். ஒண்ணு டாக்குமென்டரி, அடுத்தது கதைப்படம், திடீர்னு ஒரு முழுநீள அனிமேஷன். ஏன் இப்படி? ஸ்டைல் மாத்திப் பார்க்குற ஆசைன்னு நான் நினைக்கல. எந்த ஊரைப் படம் எடுக்க நினைச்சாங்களோ, அந்த ஊர்ல கேமராவுக்கு அனுமதி இல்ல, இல்லன்னா இவங்களாலயே உள்ள போக முடியல. ஒவ்வொரு தடவையும் வேற வழி தேட வேண்டியிருந்தது.

2009ல வந்த 'டெஹ்ரான் வித்தவுட் பெர்மிஷன்' படத்தை எடுத்துக்கோங்க. பேர்லயே விஷயம் இருக்கு. ஈரான்ல படம் எடுக்கணும்னா அரசாங்க அனுமதி வேணும். இவங்க ஒரு நோக்கியா போனை எடுத்துக்கிட்டு டாக்ஸியிலயும் தெருவுலயும் சுத்தினாங்க. அந்தக் காலத்து போன் வீடியோ எப்படி இருக்கும்னு தெரியும்ல? புள்ளி புள்ளியா இருக்கும். ஆனா பெரிய கேமராவைப் பார்த்தா வாயை மூடிக்கிற ஆளுங்க, போன் முன்னாடி சாதாரணமா பேசினாங்க. அதே வருஷம் தேர்தலுக்கு அப்புறம் ஈரான்ல போராட்டம் வெடிச்சது. அதுக்குப் பிறகு இவங்களால ஊருக்குத் திரும்பவே முடியல.

அப்போ அடுத்த ஈரான் கதையை எங்க எடுக்குறது? வரைய வேண்டியதுதான். 2023 பெர்லின் விழாவுல பனோரமா பிரிவின் தொடக்கப் படமா வந்த 'தி சைரன்' அப்படித்தான் உருவாச்சு. 1980, அபாதான் நகரம். உலகத்துலேயே பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள்ல ஒண்ணு இருந்த ஊர். ஈராக் படை முற்றுகை போடுது. எல்லாரும் ஓடும்போது 14 வயசு ஓமித் தாத்தாவோட அங்கேயே இருக்கான். போர்முனைக்குப் போன அண்ணனுக்காகக் காத்திருக்கான், வீடு வீடா சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்குறான், கடைசியில அப்பாவோட பழைய படகைச் சரிபண்ண ஆரம்பிக்கிறான். போர் தொடங்கினப்போ ஃபார்சிக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. குண்டுல நொறுங்கிப்போன பழைய அபாதானைப் படமாக்க, ஈரானுக்குள்ள நுழைய முடியாத ஒருத்தருக்குப் பென்சில் ஒண்ணுதான் வழி. சில நாடுகள் சேர்ந்து தயாரிச்ச இந்தப் படத்துக்குப் பல வருஷம் ஆச்சு.

அடுத்து காஸா. 2024ல எப்படியாவது உள்ள போகணும்னு கெய்ரோ வரைக்கும் போனாங்க. ராஃபா வழியா விடல. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களையே இஸ்ரேல் அனுமதிக்காத நேரம் அது. அங்க இருந்த ஒரு பாலஸ்தீன அகதி மூலமா ஃபாத்மா ஹசோனா அறிமுகமானாங்க. காஸாவுல போட்டோ எடுக்குற இளம்பெண். கிட்டத்தட்ட ஒரு வருஷம் வீடியோ கால்லயே பேசினாங்க. ஒரு போன்ல கால், இன்னொரு போன்ல அந்த ஸ்கிரீனை ஷூட் பண்றது. மொத்தப் படமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

படத்தோட பேர் 'புட் யுவர் சோல் ஆன் யுவர் ஹேண்ட் அண்ட் வாக்'. ஃபாத்மா சொன்ன வார்த்தையிலிருந்து வந்தது. நாம "உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு"ன்னு சொல்றோமே, அதே மாதிரி. காஸா தெருவுல நடக்குறது அப்படித்தான்னு சொல்றாங்க.

2025 ஏப்ரல் 15. படம் கான்ல அசிட் பிரிவுக்குத் தேர்வாயிருச்சுன்னு ஃபார்சி போன்ல சொல்றாங்க. வரேன், ஆனா காஸாவுக்குத் திரும்பிடணும்னு ஃபாத்மா கண்டிஷன் போடுறாங்க. மறுநாள் இஸ்ரேலின் வான்தாக்குதல் அவங்க வீட்டைத் தாக்கினதுல, குடும்பத்தினர் பலரோட ஃபாத்மாவும் கொல்லப்பட்டாங்க. வயசு 25. மே மாசம் கான் தொடக்க விழா மேடையில, நடுவர் குழுத் தலைவர் ஜூலியட் பினோஷ் அவங்க பேரைச் சொன்னாங்க.

படம் பார்த்தா ஒரு விஷயத்தைக் கவனிங்க. நெட் போய் முகம் உறைஞ்சு நிக்கிற இடங்கள், லைன் கட்டாகி மறுபடி கூப்பிடுற இடங்கள், எதையும் ஃபார்சி வெட்டித் தள்ளல. மறுபடி லைன் கிடைச்சதும் ஃபாத்மா பெரும்பாலும் சிரிச்சுக்கிட்டேதான் வர்றாங்க.