கொரோனா போயிடுச்சு, நீங்க எப்ப போவீங்க?

(தலைப்பு: நோய்க்காலத்தில் தேர்தலைத் தள்ளிவைப்பது பொறுப்புணர்வே! பதவி ஆசையே! 'பதவி ஆசையே' அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் "உயிர் முக்கியமா, ஓட்டு முக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். உயிர்தாங்க முக்கியம். 2020 மார்ச் 25ல் ஊரடங்கு வந்தபோது எங்க புதுச்சேரி கடற்கரைச் சாலையே வெறிச்சோடிக் கிடந்தது. அன்னைக்குத் தேர்தலைத் தள்ளிவெச்சது சரி. ஒத்துக்கிறேன். தள்ளிவெச்சதைத் திரும்ப எப்ப எடுத்தீங்க? அதுதான் எங்க கேள்வி. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் ஊர்க் கதை சொல்லலை. குற்றவாளிக் கூண்டில் நின்று பேசறேன். எங்க குடியிருப்புல 24 வீடு. நலச் சங்கத்துல நான் துணைச் செயலாளர். விதிப்படி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தல். 2020 மே மாசம் வரவேண்டியது. கமிட்டி கூடித் தள்ளிவெச்சோம். முதல்ல மூணு மாசம். அப்புறம் ஆறு மாசம். அதுக்கப்புறம் தேதியே போடலை, "நிலைமை சீரானதும்"னு எழுதிட்டோம். கையெழுத்துப் போட்டதுல நானும் ஒருத்தன். 2021 பொங்கலுக்கு மொட்டைமாடியில அத்தனை பேரும் கூடிப் பானை வெச்சோம். பொங்கலுக்கு வராத கொரோனா, தேர்தல்னா மட்டும் ஞாபகத்துக்கு வந்துச்சு! (சிரிப்பு)

என் மனைவி கேட்டாங்க: "ஏங்க, வீட்ல குடிச்ச டம்ளரைக் கழுவ மாட்டேங்கறீங்க. ஊருக்கு உழைக்க மட்டும் இவ்வளவு ஆசையா?" (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீங்க. அடுத்ததைக் கேளுங்க. பொதுக்குழு கூடாமலே கட்டடத்துக்கு வர்ணம் அடிக்கக் காண்ட்ராக்ட் கொடுத்தோம். கணக்குக் கேட்டவங்களுக்கு "பொதுக்குழுவுல சொல்றோம்"னு பதில். பொதுக்குழு எப்ப? நிலைமை சீரானதும்! கோபத்துல ஆறு வீட்டுக்காரங்க மாசச் சந்தாவை நிறுத்திட்டாங்க. பணம் இல்லாம வாட்ச்மேனுக்கு ரெண்டு மாசம் சம்பளம் நின்னுபோச்சு. தப்புப் பண்ணது நாங்க. அடுப்பு அணைஞ்சது அவர் வீட்ல.

அப்பதான் கீழ் வீட்டு ஆயா என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, கொரோனா போயிடுச்சாமே. நீங்க எப்ப போவீங்க?" (நீண்ட கைதட்டல்)

எதிரணி சொல்லலாம், "கூட்டம் போட வழி இல்லையே" என்று. கம்பெனிகள் வீடியோ மூலமாகவே ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தலாம்னு 2020லேயே மத்திய அரசு அனுமதி கொடுத்தது. எங்க 24 வீட்லயும் பிள்ளைங்க போன்லதான் பாடம் படிச்சாங்க. பிள்ளை கணக்குப் போட முடிஞ்ச போன்ல, அப்பன் கணக்குக் காட்ட முடியாதா? (கைதட்டல்) தென்கொரியாவில் 2020 ஏப்ரல் 15ல், நோய் இருக்கும்போதே, முகக்கவசம் போட்டு, கையுறை மாட்டி நாடே ஓட்டுப் போட்டது. அவ்வளவு தூரம் ஏன்? எங்க புதுச்சேரி சட்டமன்றத் தேர்தல் 2021 ஏப்ரல் 6ல், கொரோனா காலத்திலேயே நடந்தது!

ஆனா நகராட்சித் தேர்தல்? 1968க்குப் பிறகு 2006லதான் வந்தது. 38 வருஷம்! 2011ல் பதவிக்காலம் முடிஞ்சது. அடுத்த பத்து வருஷத்துல பெரும்பகுதி கொரோனாவே இல்லை, தேர்தலும் இல்லை. 2021ல் தேதி அறிவிச்சாங்க. இடஒதுக்கீட்டுப் பிரச்சினை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அதுவும் நின்னுபோச்சு. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை நடத்தணும்னு அரசியல் சட்டத்துல, 74வது திருத்தத்துல இருக்கு. 2014 மழையில இடிஞ்சு விழுந்த எங்க மேரி கட்டடத்தை மறுபடி கட்டி 2021ல திறந்தாச்சு. நகராட்சிக்குக் கட்டடம் வந்துடுச்சு. நகரமன்றம் வரலையே! (கைதட்டல்)

இதே மண்ணுலதான் ஐயா, 1954 அக்டோபர் 18ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகளும் நகரசபை உறுப்பினர்களுமா 178 பேர் கூடினாங்க. 170 பேர் இந்தியாவோடு சேரணும்னு ஓட்டுப் போட்டாங்க, 8 பேர் வேண்டாம்னாங்க. பிரெஞ்சு ஆட்சியை விட்டு வர்றதையே ஓட்டுப் போட்டு முடிவு பண்ண ஊருங்க இது. தண்ணி மோட்டார் சாவி யார்கிட்ட இருக்கணும்னு முடிவு பண்ண அந்த ஊருக்குத் தெரியாதா?

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிச்சுடறேன் ஐயா. மணி அடிச்சா எழுந்திரிக்கிற பழக்கம் எனக்கு இப்ப வந்துடுச்சு. (சிரிப்பு) 2022ல் எங்க சங்கத் தேர்தல் நடந்தது. கணக்கை வாசிச்சோம். வாட்ச்மேன் பாக்கியைக் கொடுத்தோம். நான் மூணு ஓட்டுல தோத்தேன். அன்னைக்கு ராத்திரிதான் ரெண்டு வருஷத்துக்கப்புறம் நல்லாத் தூங்கினேன்.

ஆபத்து வந்தா தேர்தலைத் தள்ளிவைங்க. அடுத்த தேதியை அன்னைக்கே எழுதுங்க. அதுவரைக்கும் புதுக் காண்ட்ராக்ட் எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. தேதியோட தள்ளிவெச்சா அது பொறுப்பு. தேதி இல்லாம தள்ளிவெச்சா அது பதவி ஆசை! பதவி ஆசையே என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.