விலக்கப்பட்ட நாளில் கேட்க வேண்டிய கேள்வி

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

இதுவரை நீங்கள் எழுதிய தேர்வுகளில் மதிப்பெண் குறைந்தால், எந்த வினாவில் குறைந்தது என்று விடைத்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. இனி அப்படியல்ல. நேர்காணலில் தேர்வாக மாட்டீர்கள், பதவி உயர்வு தள்ளிப்போகும், ஆய்வுக் கட்டுரை திரும்பி வரும். பல நேரங்களில் காரணத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். குறை நம் திறமையில் இருக்கிறதா, தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கில் இருக்கிறதா என்று அப்போது நாமேதான் பிரித்தறிய வேண்டும். படித்தவருக்கு இதைவிட அவசியமான பயிற்சி இல்லை என்பதே என் வாதம். அதற்குச் சான்றாக, உங்களில் பலரைப் போலப் பொறியியல் பட்டம் பெற்ற சென்னைக்காரர் ரவிச்சந்திரன் அஸ்வினின் டெஸ்ட் கிரிக்கெட் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

2011 நவம்பரில் டெல்லியில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான தம் முதல் டெஸ்டிலேயே அவர் 9 விக்கெட் வீழ்த்தினார். 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் 42 ஓவர் வீசியும் ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த 6 டெஸ்ட்களில் அவருக்கு இடமில்லை. அந்த விலக்கலில் நியாயம் இருந்தது. அதை ஏற்று, பந்துவீசும் முறையைச் செப்பனிட்டு, கேரம் பந்து போன்ற வித்தைகளைவிட ஆஃப் ஸ்பின்னையே பெரிதும் நம்பத் தொடங்கினார். 2015 ஆகஸ்டில் காலேயில் 10 விக்கெட், அதே ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான தொடரில் 31 விக்கெட் என்று பலன் வந்தது. இதனுடன் 2023 ஜூனை ஒப்பிட்டுப் பாருங்கள். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி, லண்டன் ஓவல் மைதானம். தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பந்துவீச்சாளர் அவர். இடதுகை மட்டையாளர்களை 200 முறைக்கு மேல் வீழ்த்தியவர். எதிரணியின் முதல் ஏழு பேரில் நால்வர் இடதுகைக்காரர்கள். ஆனாலும் ஆடுகளத்தைப் பார்த்து நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை எடுத்தார்கள். அஸ்வின் வெளியே இருந்தார். இந்தியா 209 ரன்களில் தோற்றது. அடுத்த மாதமே டொமினிக்காவில் அவர் 12 விக்கெட் எடுத்தார். முதல் விலக்கலுக்குப் பின் பந்துவீச்சைத் திருத்த வேண்டியிருந்தது; இரண்டாவதற்குப் பின் திருத்த எதுவும் இல்லை. இரண்டையும் ஒன்றென எண்ணியிருந்தால், 2013இல் வீண் கோபமும் 2023இல் வீண் சந்தேகமும்தான் மிஞ்சியிருக்கும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். அவருடைய 537 விக்கெட்டுகளில் 383 இந்திய மண்ணில் கிடைத்தவை. அப்படியிருக்க வெளிநாட்டில் அவரை விலக்கியது எப்படித் தவறாகும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதனால்தான் இந்தப் பகுத்தறிதல் கடினம் என்கிறேன். எதிர்த்தரப்பின் கணக்கில் உள்ள உண்மையை ஏற்காமல் செய்யும் ஆய்வு, தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வதில்தான் முடியும். இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது: திரும்பி வந்தவரை மட்டும் காட்டிப் பேசுவது எளிது, வராதவர்கள் என்ன ஆவார்கள்? ஹரியானாவின் ராஜீந்தர் கோயல் ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட் எடுத்தவர். இந்திய அணியில் பிஷன் சிங் பேடி ஆடிய காலத்தில் கோயலும் அவரைப் போலவே இடதுகைச் சுழற்பந்து வீச்சாளராக இருந்தார்; அதனால் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஆகவே வாய்ப்பு நிச்சயம் வரும் என்று உங்களுக்கு நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் கோயல் நாற்பது வயதைத் தாண்டியும் ரஞ்சியில் பந்துவீசினார். பிறருடைய முடிவு தம் வேலையின் தரத்தைக் குறைக்க அவர் இடம் கொடுக்கவில்லை. பகுத்தறிதல் தரும் உறுதியான பயன் அதுதான்.

மாணவர்களே, ஒருநாள் நீங்களும் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து பிறரைத் தேர்ந்தெடுப்பீர்கள். அன்று, வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொருவருக்கும் காரணத்தையும் சொல்லுங்கள். திருத்திக்கொள்ள வேண்டியவர் திருத்திக்கொள்வார்; குறையில்லாதவர் தளராமல் நடப்பார். பட்டம் பெறும் உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.