கடலோரம் போட்ட முதல்



வடசென்னையின் காசிமேட்டில் ஒருவர் விசைப்படகுக்குப் புது இன்ஜின் வாங்குகிறார். பக்கத்துத் தெருக்காரர் அதே பணத்துக்குப் பங்குகள் வாங்குகிறார். இரண்டு பேருமே முதலீடு செய்ததாகத்தான் சொல்வார்கள். ஆனால் நாட்டின் நிலை மூலதனக் கணக்கில் இன்ஜின் மட்டுமே ஏறும். ஆண்டுக்கணக்கில் நின்று உழைக்கும் இயந்திரம், கட்டடம், சாலை, துறைமுகம் போன்றவற்றுக்குச் செலவானதுதான் அதில் சேரும். பங்கு வெறுமனே கைமாறுகிறது. புதிதாக எதுவும் உருவாவதில்லை.

2007-08 வாக்கில் இந்தியா தன் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி முதல் போட்டது. பிறகு சரிந்து, அண்மை ஆண்டுகளில் 30 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. சீனாவில் அது 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நமக்கும் இந்த விகிதம் உயரத்தான் வேண்டும். முதல் போடாமல் வேலை வராது என்பதற்கு வடசென்னையே சாட்சி. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 2001இல் எண்ணூர் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது இவற்றால்தான்.

என் கவலை, அந்தக் கணக்கில் எது விட்டுப்போகிறது என்பதில். நம் கரையோரம் ஆண்டு முழுவதுக்குமாகப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். மணல் அதில் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மீனவர்களின் வீடுகளும், வலை உலர்த்திய மணல்வெளியும் போயின. பிறகு அரசு பாறாங்கற்களைக் கொட்டித் தடுப்புச் சுவர் எழுப்பியது, தூண்டில் வளைவுகள் அமைத்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். துறைமுகச் சுவர் முதலீடு. அதன் விளைவைத் தடுக்கப் போட்ட கல்லும் முதலீடு. கடலுக்குள் போன கரை எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்தக் கணக்கு ‘மொத்த’ நிலை மூலதனம் என்பதால் தேய்மானத்தையும் கழிப்பதில்லை. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அப்படி ஓய்ந்ததற்கு ஈடாகக் கட்டுவதும் புது முதலீடாகவே ஏறும். தேய்மானம் கழித்த நிகரக் கணக்கையும் புள்ளியியல் துறை வெளியிடுகிறது. நாளேடுகளில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. அந்த நிகரக் கணக்கிலும்கூட, எண்ணூரில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் அனல்மின் நிலையங்களிலிருந்து வந்து படிந்த நிலக்கரிச் சாம்பலுக்காக எதுவும் கழிக்கப்படுவதில்லை. ஆழம் குறைந்த அந்தத் தண்ணீரில் இறால் பிடித்துப் பிழைத்தவர்களின் வருமானம் குறைந்ததுதான் மிச்சம்.

எண்ணூரில் அடுத்த திட்டத்துக்கு மதிப்பீடு போடும் பொறியாளர்கள், தடைபடும் மணலை வடகரைக்கு அள்ளிக் கொண்டுபோகும் செலவையும், சாம்பலை ஆற்றில் விடாமல் காக்கும் செலவையும் முதல் நாளிலேயே அதில் எழுத வேண்டும். திட்டத்தின் விலை கூடும், கூடட்டும். இத்தனை காலமும் அந்த விலையைக் கொடுத்து வந்தவர்கள் கரையோரத்து மக்கள்.