சூதாட்டமும் ராசிப் புரட்டும்



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சூதாட்டத்தைப் பற்றியதாகும். "சூதாட்டம் கெட்டது, ஆடாதே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுவதானால் அதற்கு ஒரு நிமிஷம் போதும். அப்படிச் சொன்னவர்கள் இந்நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக இருந்துதான் வருகிறார்கள். ஆடுகிறவனும் ஆடிக்கொண்டேதான் வருகிறான். ஆகையால் நான் உங்களுக்குப் புத்தி சொல்ல வரவில்லை. நான் ஆடித் தோற்ற சங்கதியைச் சொல்லப் போகிறேன். ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசுகிறவன் ஒரு ராத்திரி தன் பகுத்தறிவை எங்கே கழற்றி வைத்தான் என்பதை அவன் வாயாலேயே கேட்பது உங்களுக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

"பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டிலேயே சட்டம் செய்துவிட்டார்களே, இனி இந்தப் பேச்செதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சட்டம் ஒரு கம்பெனியின் கதவைச் சாத்தலாம். ஆடுகிறவன் மனதிலிருக்கும் புரட்டை எந்தச் சட்டம் சாத்தும்? அந்தப் புரட்டு இருக்கிறவரையில் இந்தக் கதவு சாத்தினால் வேறொரு கதவைத் தேடிக்கொண்டுதான் போவான். ஆகவே நாம் பார்க்க வேண்டியது மனதைத்தான்.

ஆட்டம் இன்னதென்பது

நான் ஆடியது போக்கர் என்னும் சீட்டாட்டம். நடந்தது 2024ஆம் வருஷத்தில். ஒரு கட்டில் 52 சீட்டு. ஒவ்வொருவனுக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கொடுக்கப்படும். பிறகு நடுவில் முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று என்று ஐந்து சீட்டு எல்லோருக்கும் தெரியும்படி விழும். இந்த ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு நடுவிலுள்ள பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம்; அல்லது சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம்.

இதில் கேஷ் கேம் என்று ஒரு வகை. அதில் ஆட்டத்திற்கு முடிவு என்பதே கிடையாது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். தோற்றால் உடனே மேலும் பணம் போட்டு உட்காரலாம். எழுந்து போகலாம் என்று சொல்லி உள்ளே அழைக்கிறார்கள். மேலும் போடலாம் என்று சொல்லி எழுந்து போகாமல் வைத்துக்கொள்ளுகிறார்கள்!

என் ஒரு ராத்திரி

நான் தையல் கடைக்காரன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றதெல்லாம் நூல்நிலையத்தில் நானாகப் படித்ததுதான். ஒருநாள் இரவு 9 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, 1,000 ரூபாயைக் கட்டி, செல்போனில் இந்த ஆட்டத்தில் உட்கார்ந்தேன். 10 மணிக்கு 1,900. 11 மணிக்கு 2,600. தோழர்களே, அப்போது என் மனதில் தோன்றியதை உள்ளது உள்ளபடியே சொல்லுகிறேன்: "இவ்வளவு நாள் வீணாகத் துணி தைத்துக் கொண்டிருந்தோமே, நமக்குள்ள மூளைக்கு இதுவல்லவா தொழில்" என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஏஸ் ஜோடி வந்தது. முதலில் கிடைக்கும் இரண்டு சீட்டில் அதைவிட உயர்ந்த கை கிடையாது. எதிரி ஒருவன் தன்னிடமிருந்த 1,300 ரூபாயையும் நடுவில் வைத்தான். நானும் வைத்தேன். அவன் கையில் ராஜா ஜோடி. நடுவில் விழுந்த முதல் மூன்று சீட்டிலேயே இன்னொரு ராஜா! போயிற்று 1,300.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. "நாலாவது நாற்காலி ராசியில்லை" என்று இரண்டாவது நாற்காலிக்கு மாறினேன். செல்போனில் ஏது நாற்காலி? படத்தில் போட்டிருக்கும் நாற்காலிதான்! ஜெயித்தபோது போனை இடது கையில் பிடித்திருந்தது நினைவு வந்து, மறுபடியும் இடது கைக்கு மாற்றினேன். "மூன்று தடவை தோற்றாயிற்று, நாலாவது நமக்குத்தான் வந்தாக வேண்டும்" என்று குப்பைச் சீட்டுக்கெல்லாம் பணம் கட்டினேன். முக்கால் மணிக்கெல்லாம் கையில் ஒன்றுமில்லை. அப்புறம் பெண்ணின் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கட்ட வைத்திருந்த 1,000 ரூபாயையும் எடுத்துப் போட்டேன். 2 மணிக்கு அது 1,750 ஆயிற்று. அப்போதாவது எழுந்தேனா? இல்லை. மூன்றரை மணிக்கு அதுவும் பூஜ்யம்.

விளக்கைப் போட்டுக்கொண்டு என் மனைவி வந்து நின்றார். எவ்வளவு போயிற்று என்று கேட்கவில்லை. "ஏங்க, நேரம் பார்க்காதே, ராசி பார்க்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, ராத்திரியெல்லாம் இந்த இடம் ராசியில்லை, அந்த இடம் ராசின்னு முணுமுணுத்துக்கிட்டு இருந்தது யாருங்க?" என்று கேட்டார். இருபது வருஷமாக நான் மேடையில் பேசிய பேச்சையெல்லாம் அந்த ஒரு கேள்வி எடுத்து என் முகத்தில் வீசியது.

கணக்கு சொன்னது

மறுநாள் நான் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கையும் பதிவாகியிருக்கும். ஆறரை மணி நேரத்தில் 372 கை ஆடியிருந்தேன். ஒவ்வொன்றாக எழுதினேன்.

முதலாவது, ஏஸ் ஜோடி. முதல் சீட்டு ஏஸாயிருப்பது 52க்கு 4, அதாவது 13க்கு 1. அது வந்தபின் இரண்டாவதும் ஏஸாயிருப்பது 51க்கு 3, அதாவது 17க்கு 1. 13ஐ 17ஆல் பெருக்கினால் 221. ஆகவே சராசரியில் 221 கைக்கு ஒரு தடவை ஏஸ் ஜோடி வரவேண்டும். எனக்கு 372 கையில் இரண்டு தடவை வந்திருந்தது. இதில் எந்தக் கிரகத்தின் கோபம் இருக்கிறது?

இரண்டாவது, அந்த ராஜா ஜோடி. ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் 100 தடவை மோதினால் ஏறக்குறைய 82 தடவை ஏஸும் 18 தடவை ராஜாவும் ஜெயிக்கும். நான் தோற்றது அந்தப் 18ல் ஒன்று. 82ல் நமக்குப் பங்குண்டு, 18ல் பங்கில்லை என்று எவனாவது எழுதிக் கொடுத்திருக்கிறானா?

மூன்றாவதுதான் முக்கியமானது. கிளாவரிலோ இஸ்பேட்டிலோ நாலு சீட்டு சேர்ந்து, ஐந்தாவதற்காகக் கடைசிவரை பணம் கட்டுவது ஒன்றுண்டு. "ராத்திரி முழுவதும் ஒரு தடவைகூட வரவில்லை" என்று நான் சத்தியம் செய்திருப்பேன். நோட்டில் பார்த்தால் 11 தடவை கட்டியிருக்கிறேன், 4 தடவை வந்திருக்கிறது! பார்க்காத சீட்டு 47. அதில் நமக்கு வேண்டியது 9. இன்னும் இரண்டு சீட்டு விழ வேண்டும். அப்படியானால் 100க்கு 35 தடவைதான் வரும். 11க்கு 4 என்பது கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். வந்த நாலையும் "என் சாமர்த்தியம்" என்று விழுங்கிவிட்டேன். வராத ஏழையும் "என் துரதிர்ஷ்டம்" என்று நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

தோழர்களே, ஜோசியன் பிழைப்பதும் இதனாலேதான். அவன் சொன்ன பத்தில் பலித்த இரண்டை ஊரெல்லாம் சொல்லுகிறோம். பலிக்காத எட்டை மறந்து விடுகிறோம். ஜோசியனிடம் போகிறவன் பலித்ததை எண்ணுகிறான். சூதாடித் தோற்றவன் பலிக்காததை எண்ணுகிறான். இரண்டு பேரும் முழுக் கணக்கு எழுதுவதில்லை. நான் தையற்காரன். அளவு நாடாவைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணால் பார்த்து வெட்டினால் யாருடைய துணி பாழாகும்?

1913ஆம் வருஷம் ஆகஸ்டு 18ந் தேதி மாண்டி கார்லோவிலுள்ள சூதாட்ட மாளிகையில் சுழலும் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. "இவ்வளவு தடவை கறுப்பு விழுந்தாயிற்று, இனிச் சிவப்புத்தான்" என்று ஜனங்கள் சிவப்பின்மேல் கொட்டிக் கொட்டிப் பெரும்பணம் தோற்றார்கள். அவர்கள் ஐரோப்பாவின் சீமான்கள். நானோ தையற்காரன். மூடத்தனத்தில் மாத்திரம் எங்களுக்குள் வித்தியாசமில்லை! சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது, சீட்டுக்கும் கிடையாது. முந்தின கையில் நாம் தோற்றோம் என்பது அடுத்த கையின் சீட்டுக்குத் தெரியாது.

சனியன் யார்?

நம் புராணக்காரர்கள் இந்த விஷயத்தில் என்ன செய்தார்கள்? நளன் சூதாடி நாட்டைத் தோற்றான். அவனைச் சனியன் பிடித்தது என்று எழுதினார்கள். தருமன் மனைவியையே வைத்து ஆடினான். அதை விதி என்றார்கள். ஆடினவன் மேலிருக்க வேண்டிய பொறுப்பைச் சனியன் தலையிலும் விதியின் தலையிலும் கட்டிவிட்டால், ஆடினவன் திருந்துவதற்கு வழியேது? "சனி விலகட்டும், மறுபடியும் ஆடலாம்" என்றுதானே நினைப்பான்?

உண்மையான சனியன் வேறே இருக்கிறது. நடுவில் சேரும் பணத்திலிருந்து கம்பெனி எடுத்துக்கொள்ளும் கமிஷன்தான் அது. ரேக் என்பார்கள். ஒரு உதாரணம் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு 1,000 வீதம் 6,000 ரூபாயுடன் உட்காருகிறார்கள். மணிக்கு 60 கை. ஒவ்வொரு கையிலும் நடுவில் சராசரி 100 ரூபாய் சேருகிறது. கம்பெனி 100க்கு 5 எடுக்கிறது. மணிக்கு 300 ரூபாய் போயிற்று. ஐந்து மணி நேரத்தில் 1,500 ரூபாய். ஆறு பேரும் சமமான கெட்டிக்காரர்களாக இருந்தாலும், எழுந்திருக்கும்போது மேஜையிலிருப்பது 4,500 தான். கால்வாசி எங்கே? சீட்டே வாங்காத, பயமே படாத, தூக்கமே கெடாத ஒருவன் கொண்டு போய்விட்டான். நான் ஜெயித்த கைகளிலிருந்து மாத்திரம் அன்று ராத்திரி 410 ரூபாய் எடுக்கப்பட்டிருந்தது. ஜெயித்தபோது அது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஏறியதும் இறங்கியதும் எங்கள் பணம். ஏறிக்கொண்டே இருந்தது கம்பெனியின் பணம்.

இரண்டு ஆட்சேபனைகள்

"சீட்டுக் கலைப்பதிலேயே மோசடி இருக்காதா?" என்று கேட்பார்கள். இருந்திருக்கிறது. 2007ல் அப்ஸல்யூட் போக்கர் என்னும் வெளிநாட்டுக் கம்பெனியில், மற்றவர்களுடைய மறைவான சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே ஒருவர் ஆடியது வெளிப்பட்டது. எப்படி வெளிப்பட்டது? குறி கேட்டா? ஆடியவர்கள் ஒவ்வொரு கையின் பதிவையும் வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள், பிடித்தார்கள். ஆகவே சந்தேகப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துச் சந்தேகப்படுங்கள் என்கிறேன்.

"இது திறமையாட்டம் அல்லவா?" என்பது மற்றொன்று. 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டாரும் அப்படித்தான் சொன்னார்கள். திறமைக்கு இடமுண்டு என்பது வாஸ்தவம்தான். எந்தக் கையைப் போடுவது, எப்போது கட்டுவது என்று அறிந்தவன் பதினாயிரக்கணக்கான கைகள் ஆடினால் அறியாதவனைவிட மேலாகத்தான் வருவான். ஆனால் அவன் எடுக்கிற பணம் யாருடையது? திறமை குறைந்தவன் நஷ்டம்தான் அவனுடைய லாபம். அதற்கும் கமிஷன் உண்டு. அன்றியும் ஒரு ராத்திரியில் திறமையையும் தற்செயலையும் பிரித்துக் காண யாராலும் முடியாது. 2003ல் அமெரிக்காவில் நடந்த பெரிய போக்கர் பந்தயத்தில், ஆன்லைனில் சிறு தொகை கட்டி இடம் பிடித்த கிறிஸ் மனிமேக்கர் என்னும் கணக்கர் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதைக் கேட்டு உலகமெல்லாம் ஆட வந்தது. அன்று ஆடியவர்கள் 839 பேர். மற்ற 838 பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

முடிவாக

தோழர்களே! என் பெண்ணின் பஸ் பணத்தை இரண்டு மாதம் இரவில் கூடுதலாகத் தைத்துக் கட்டினேன். அது தீர்ந்துவிட்டது. ஆனால் ராசி என்பது படிக்காதவன் மூடத்தனம் மாத்திரமே என்று நான் எண்ணியிருந்த கர்வமும் அதோடு தீர்ந்தது. பணமும் பயமும் ஆசையும் ஒன்றாகச் சேர்ந்தால் யார் மூளையிலும் அது முளைத்துவிடும். அதைப் பிடுங்குவதற்கு மேடைப் பேச்சு போதாது. நோட்டுப் புஸ்தகம் வேண்டும். வந்ததையும் எழுது, வராததையும் எழுது. கொடுத்ததையும் எழுது, நடுவில் எடுத்தவனையும் எழுது.

நான் சொல்லுகிறேன் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை எடுங்கள். நாலு கிளாவரையும் வேறொரு சீட்டையும் தனியே வைத்துவிட்டு, மற்ற 47ஐயும் நன்றாகக் கலைத்து மேலிருந்து இரண்டு சீட்டைத் திருப்புங்கள். காசு வேண்டாம், நூறு தடவை செய்து, கிளாவர் வந்ததற்கும் வராததற்கும் கோடு போடுங்கள். ராகு காலத்தில் ஒரு ஐம்பது, நல்ல நேரத்தில் ஒரு ஐம்பது என்று செய்தாலும் சரிதான். உங்கள் கோடு என்ன சொல்லுகிறதோ அதை நம்புங்கள்.