வண்டி வந்தாற் போதுமா?
(பாலையூற்றுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே உத்தியோகத்தரும் கமக்காரரும் அருகருகே அமர்ந்திருக்கின்றீர்கள். ஆபத்து நேர்ந்தால் இரு சாராருக்கும் இலக்கம் ஒன்றே: 1990.

2016 இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய ‘சுவசெரிய’ நோயாளர் காவு வண்டிச் சேவை பின்னர் நாடெங்கும் பரந்தது. கட்டணம் இல்லை. மனமாரப் பாராட்டுகின்றோம், குறை கூறுவதற்கென்றே மேடையேறுவோர் அல்லர் நாம்.

ஆயினும் வண்டி வருவது வேறு. வந்த வண்டியில் முறையான பராமரிப்புக் கிடைப்பது வேறு. வயலிற் புடையன் தீண்டிய ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு வேண்டியது வேகம் மட்டுமன்று. கடிபட்ட காலை அசையாது வைத்தல் வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டலாகாது, காயத்தைக் கீறலாகாது. மருத்துவமனையில் அவன் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயிலிட்டு 20 நிமிடம் பார்ப்பர். உறையாவிடின் விஷம் ஏறியதெனக் கொள்வர். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறி மருந்து நாகத்துக்கும் புடையனுக்கும் உதவும். குழிவிரியன் இனத்துக்கு உதவாது. ஆதலால், கடித்த பாம்பு எத்தகையது, கடித்தது எந்நேரம் என்று கேட்டறிவதும் சிகிச்சையின் ஒரு கூறே.

அதனை எம்மொழியிற் கேட்பது? நோவிலே துடிப்பவனிடம் அவன் அறியாத மொழியில் வினவினால் என்ன விடை கிடைக்கும்? 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி மாநாடு கூட்டி மொழியுரிமை கோரியது இத் திருகோணமலையிலேதான். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. ஏட்டில் ஏறிய அவ்வுரிமை, நள்ளிரவில் தொலைபேசியின் மறுமுனையிலும், ஓடும் வண்டியின் உள்ளேயும் தவறாது ஒலித்தல் வேண்டும். இதனைச் சலுகையாக நாம் கேட்கவில்லை. மருத்துவத்தின் தரம் என்றே கேட்கின்றோம்.

மற்றொன்று. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தது; பாடசாலைப் பிள்ளைகளும் மாண்டனர். பாலம் முடியாதிருந்த காலம் அது. நீரில் மூழ்கியவர்க்கு முதல் மருத்துவன் கரையில் நிற்பவனே. மூச்சு நின்றவர்க்கு மார்பை அழுத்தவும் மூச்சு ஊதவும் அவன் அறிந்திராவிடின், பின்னர் வரும் வண்டி என் செய்யும்?

ஆதலின் நாம் கோருவன இவை. வண்டிப் பணியாளர்க்கு ஆண்டுதோறும் மீள்பயிற்சியும் தேர்வும் நடத்தப்படல் வேண்டும். அழைப்புக்கும் வருகைக்கும் இடைப்பட்ட நேரம் பிரதேச வாரியாக வெளியிடப்படல் வேண்டும். தமிழ் பேசும் பணியாளர் ஒவ்வொரு முறைப் பணியிலும் இருத்தல் வேண்டும். இக்கோரிக்கையை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிடம் எழுத்திற் கொடுப்போம். கமக்கார அமைப்புகளோ எவர் விடைக்கும் காத்திராது, பெரும்போக விதைப்புக்கு முன்னரே முதலுதவி வகுப்புகளைத் தொடங்கிவிடலாம்.