பார்த்ததைச் சொல்லுங்கோ, பிள்ளையள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், கொழும்புக் கிளையின் சார்பில் கிளை உறுப்பினரான வைத்தியர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



கொழும்புக் கிளை சில ஆண்டுகளாக நடத்திவரும் கலை இரசனை நாட்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். அதற்கு எமக்குத் தகுதி உண்டா என்றால், இல்லை என்பதே விடை. எமது வகுப்பில் விஞ்ஞானம் எடுத்தவர்கள் சாதாரண தரத்தோடு சித்திரப் பாடத்துக்கு விடை கொடுத்தவர்கள். அதன் பின்னர் நாம் வரைந்ததெல்லாம் உயிரியல் படங்கள்தான். அவற்றிலும் கோடு மட்டுமே போடலாம், நிழல் தீட்டினால் புள்ளி குறையும். ஒரு சிற்பத்தின் முன் நின்று எதைப் பார்ப்பது என்று தெரியாமலே நாற்பது வயதைத் தொட்டோம். அப்படிப்பட்டவர்கள் தொடங்கிய முயற்சி இது.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. எமது கிளை கூடும்போதெல்லாம் கணக்கறிக்கை, நிதி சேகரிப்பு, பிறகு சாப்பாடு. ஒரு கூட்டத்தின் முடிவில் மூத்த அக்கா ஒருவர், "நாங்கள் சந்திச்சால் காசும் கறியும்தானே கதைக்கிறம், ஒரு நாள் எங்கையாவது போவம்" என்றார். அப்படித்தான் 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய நூதனசாலைக்கு ஒரு சனிக்கிழமை காலை இருபத்திரண்டு பேர் போனோம். எமக்குச் சித்திரம் படிப்பித்த ரீச்சரும் வந்தார். அப்போதே அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகி, ஓரங்கள் தெரிந்தாலும் நேரே இருப்பது தெரியாத நிலை. வாசலுக்கு அருகே வாங்கில் ஒன்றில் அவரை இருத்திவிட்டு நாம் உள்ளே ஓடினோம்.

இரண்டு மணித்தியாலத்தில் எல்லாக் கூடங்களையும் பார்த்து முடித்தோம். சிம்மாசனம் பார்த்தோம், முகமூடிகள் பார்த்தோம், படம் எடுத்தோம். கால் உளைய வெளியே வந்தபோது ரீச்சர் கேட்டார்: "என்ன பார்த்தனீங்கள், பிள்ளையள்?"

"நல்ல வடிவான சிலையள், ரீச்சர்."

"வடிவு எண்டால் எனக்கு என்ன விளங்கும்? ஒரு சிலையைச் சொல்லுங்கோ. கை எங்கை இருக்கு? கண் எங்கை பார்க்குது?"

இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மணித்தியாலம் நாம் நடந்திருக்கிறோம், பார்க்கவில்லை.

அன்று தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனோம். இம்முறை ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரேயொரு சிலையின் முன் நின்றோம். பொலன்னறுவையில் கிடைத்த காரைக்கால் அம்மையாரின் வெண்கலப் படிமம் அது. எம்மில் நால்வர் வைத்தியர்கள். நாம் முந்திக்கொண்டு சொன்னோம்: விலா எலும்புகள் தெரிகின்றன, தோள் எலும்பு துருத்துகிறது, மார்பு வற்றிவிட்டது, கடுமையான போசாக்கின்மை. ரீச்சர் சிரித்தார். "வருத்தம் என்னெண்டு கேக்கேல்லை. அவ என்ன செய்யிறா?"

அப்போதுதான் கைகளைப் பார்த்தோம். கைகளில் தாளம் இருந்தது. அந்த அம்மை பாடிக்கொண்டிருக்கிறார். பேய் வடிவம் வேண்டிப் பெற்று, இறைவனின் ஆடலுக்குத் தாளம் போடும் ஒரு பெண்ணின் உடலை, நாம் நோயாளியின் உடலாக வாசித்திருந்தோம்.

மறுநாள் வாட்டில் நோயாளர்களைப் பார்க்கப் போனபோது இது எம்மை விட்டு அகலவில்லை. கட்டிலருகே போனதும் முதலில் கை நீள்வது இரத்தப் பரிசோதனை அறிக்கைக்குத்தான். கட்டிலில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்ப்பது பிறகுதான். சில நாட்களில் அந்தப் "பிறகு" வருவதேயில்லை. கலை இரசனை நல்ல வைத்தியரை உருவாக்கும் என்று இங்கே வாதாட வரவில்லை. எமது பார்வையில் ஒரு குறை இருந்தது, அதை ஒரு படிமத்தின் முன்தான் கண்டோம் என்று மட்டும் சொல்கிறோம்.

அன்றிலிருந்து எமது ஒழுங்கு இதுதான். ஒரு நாளைக்கு மூன்று பொருட்களுக்கு மேல் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் பேசாமல் நிற்போம். பிறகு ரீச்சருக்குப் பார்த்ததைச் சொல்வோம். "அழகு", "அற்புதம்" என்ற சொற்களுக்குத் தடை. அதன் பின்னர்தான் விளக்க அட்டையை வாசிப்போம். இறுதியாக, அந்த மாதப் பொறுப்பை ஏற்ற உறுப்பினர் தாம் தேடிப் படித்ததைச் சொல்வார். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையை ஒரு கணக்காளர் அக்கா விளக்கிய அழகை இன்றும் மறக்கமுடியாது. அழகு என்று சொல்லிவிட்டோம், ரீச்சர் மன்னிக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் பொலன்னறுவைக்கே போனோம். விடிய நாலு மணிக்கு பஸ், இடியப்பமும் சம்பலும் பார்சல். சோழர் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், முழுவதும் கல்லால் கட்டப்பட்ட இரண்டாம் சிவாலயத்தின் முன் நின்றோம். அதன் பழைய பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். எம்மில் சிலர் அறுபது வயதில் முதன்முறையாக அந்த மண்ணை மிதித்தவர்கள். யுத்த காலத்தில் பயணம் என்றால் சோதனைச் சாவடிகளை எண்ணிக்கொண்டு போவதுதானே! சுற்றிப் பார்க்கவென்று எவர் புறப்பட்டார்?

சுவரில் தமிழ்க் கல்வெட்டு. அந்த நேரம் வந்த சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு சிறுமி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று எம்மிடம் கேட்டாள். தமிழர் என்பதால் எமக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள். நாமும் எழுத்துக்கூட்டிப் பார்த்தோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்துவடிவம், இரண்டு எழுத்துக்கு மேல் போகவில்லை. அவளும் நாமுமாகச் சேர்ந்து விரலால் தொடாமல் ஒவ்வொரு கோடாகப் பின்பற்றினோம். எமது என்று பெருமைப்படுவது சுலபம், வாசிக்கக் கற்பது வேறு என்று அன்று விளங்கிற்று. இப்போது மூன்று உறுப்பினர்கள் பழைய எழுத்துக்களைப் பழகி வருகிறார்கள்.

பிறகு பொரளை கோதமி விகாரைக்குப் போவதா என்று கிளைக்குள் விவாதம் எழுந்தது. சித்திரம் பார்க்கக் கோயில்கள் இல்லையா என்று சிலர் கேட்டார்கள். அவர்களது தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு, அவற்றை நாம் சிறுமைப்படுத்தவில்லை. விரும்பியவர்கள் மட்டும் போவோம் என்று முடிவாயிற்று. ஜோர்ஜ் கீற் 1939, 1940 ஆம் ஆண்டுகளில் புத்தரின் வாழ்வைத் தீட்டிய சுவர்கள் அவை. அந்த நீண்ட வளைகோடுகளை ரீச்சருக்கு வாயால் சொல்ல முடியாமல், அவரது உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினோம். முதலில் எதிர்த்த அக்கா ஒருவர்தான் அதைச் செய்தார்.

செலவு பற்றியும் சொல்லவேண்டும். சங்க நிதியிலிருந்து ஒரு சதமும் எடுப்பதில்லை. அவரவர் பங்கை அவரவர் கொடுப்பார்கள். கொடுக்க இயலாதவரின் பங்கைப் பொருளாளர் மட்டும் அறிவார்.

இனி, இன்று உங்கள் முன் வைக்க வந்த வேண்டுகோள். ஒன்பதாம் தரப் பிள்ளைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒரு நாள் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்கு இதே ஒழுங்கில் அழைத்துச் செல்லவேண்டும் என்று முன்பு ஒருமுறை பிரேரித்தோம். கந்தரோடையில் கிடைத்த பொருட்கள் இவ்வளவு கிட்ட இருக்க, எமது பிள்ளைகளில் பலர் அவற்றைப் பார்த்ததில்லை. அந்தப் பிரேரணை இரண்டு வாக்கால் தோற்றது. "குடிக்க நல்ல தண்ணி இல்லாத பிள்ளையளுக்கு முதலிலை சிலையா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. தண்ணீர் வடிகட்டிக்கு நாமும் சேர்ந்து உழைத்தோம், அது பூட்டியாயிற்று. ஆகவே மறுபடியும் கேட்கிறோம். விஞ்ஞானம் படிக்கப்போகும் பிள்ளைகளை இதில் விட்டுவிடாதீர்கள். எமக்கு இருபத்தைந்து ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்தது அவர்களுக்கு நேரத்தோடு கிடைக்கட்டும்.

வெளிநாட்டுக் கிளைகளுக்கும் ஒரு வார்த்தை. இலண்டன் சகோதரிகளே, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் தாரா தேவியின் பொன்முலாம் பூசிய படிமம் 1830 இலிருந்து பிரித்தானிய நூதனசாலையில் நிற்கிறது. நாம் இங்கிருந்து பார்க்கமுடியாது. நீங்கள் ஒரு சனிக்கிழமை போய், பத்து நிமிடம் நின்று, பார்த்ததை எழுதி அனுப்புங்கள். ரீச்சருக்கு வாசித்துக் காட்டுவோம்.

அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். இந்த மண்டபத்தில் என்ன இருக்கிறது, யார் யார் வந்திருக்கிறார்கள், யாருக்கு நரைத்துவிட்டது என்று கூட்டம் முடிந்ததும் எம்மிடம் நிச்சயம் கேட்பார். ஆகவே சகோதரிகளே, ஒருவரையொருவர் வடிவாகப் பார்த்து வையுங்கள்.